நாலு மணிக்குப் பிறகு டே ஸ்காலர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதலாண்டுப் பிள்ளைகளை ஹாஸ்டலில் விடுவதா, வீட்டிலிருந்தே அனுப்புவதா என்ற கட்டுரையைப் படித்தேன். செலவையும் பாதுகாப்பையும் பற்றியே பேசி முடித்துவிட்டீர்கள். என் மகன் முதலாண்டு முழுவதும் ஹாஸ்டலில் இருந்தான். மகள் இப்போது டே ஸ்காலர். இரண்டையும் பார்த்துவிட்டேன். வித்தியாசம் வகுப்பு முடிந்த பிறகுதான் தெரிகிறது.

மகளுக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள், பருவத்துக்கு 16 வாரம் என்று கணக்குப் போட்டால் 240 மணி நேரம் வருகிறது. அதாவது, ராப்பகலாகப் பத்து நாள் பஸ்ஸிலேயே போகிறது. பஸ்ஸில் படிக்கலாமே என்பார்கள். உட்கார இடம் கிடைத்தால்தானே! அவளுடைய ரெக்கார்டு நோட்டைப் புரட்டினால் எந்தப் பக்கம் பஸ்ஸில் எழுதியது என்று சொல்லிவிடுவேன். எழுத்து கோட்டை விட்டு இறங்கியிருக்கும்.

சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன மாதம் நாலு பேர் சேர்ந்து செய்யும் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். மற்ற மூன்று பேரும் ஹாஸ்டல். ராத்திரி ஒன்பது மணிக்கு ஓர் அறையில் உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். மறுநாள் காலை இவளுக்கு மிஞ்சியது, யாரும் தொட விரும்பாத அட்டவணை போடும் வேலை. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பிரிக்கும்போது இவள் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

படிப்பிலும் கல்லூரி வாழ்க்கையிலும் மாணவர் எவ்வளவு ஈடுபடுகிறாரோ அவ்வளவு பலன் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் அலெக்சாண்டர் ஆஸ்டின் 1984-இல் எழுதினார். வளாகத்தில் தங்குபவர்கள் படிப்பைப் பாதியில் விடுவது குறைவு என்றும் அவர் கண்டிருந்தார். அமெரிக்க மாணவர்களை வைத்துச் சொன்னதுதான் என்றாலும் அந்த அட்டவணை வேலை எனக்கு ஞாபகம் வந்தது.

அதற்காக ஹாஸ்டல் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. முதல் மூன்று வாரம் மகன் போனில் "ம்" என்பதைத் தாண்டவில்லை. அறையில் கூட இருந்தவன் ராத்திரி இரண்டு மணி வரை விளக்கை அணைக்க மாட்டான். அப்புறம், ஐந்து நிமிட நடையில் இருந்த காலை வகுப்புக்கு லேட்டாகப் போய் வருகைப் பதிவில் மாட்டியது என் மகன்தான். மகள் இதுவரை ஒரு நாள்கூட லேட் இல்லை.

எல்லாப் பிள்ளைகளாலும் ஹாஸ்டலில் சேர முடியாது. கல்லூரிகள் குழு வேலைக்கென்று டைம்டேபிளிலேயே வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். புத்தகமும் லேப் கோட்டும் வைக்க ஒரு லாக்கர் தரலாம். தேர்வுக்கு முந்தின ராத்திரி தங்க ஹாஸ்டலில் சில கட்டில்களை விட்டுவைக்கலாம். மகளின் கல்லூரி அலுவலகத்தில் இதையெல்லாம் கேட்டேன். "டே ஸ்காலர் என்று நாங்கள் யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை மேடம், எங்களுக்கு எல்லாரும் ஒன்றுதான்" என்றார்கள்.

இப்படிக்கு,
இரண்டு கல்லூரிப் பிள்ளைகளின் அம்மா