கல்லடா ஆற்றோடு போய் வா

செங்கோட்டை
கார்த்திகை 10

அன்புள்ள சிவா,

நலம். நீயும் மீனாவும் நலம்தானே? அப்பா காரியத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிய பிறகு உன்னிடம் ஒழுங்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு மாதம் ஓடிவிட்டது. போனில் கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் யாராவது ஒருவர் ‘சரி, அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிடுவோம். சொல்ல வேண்டியது அதற்குள் அடங்காது. அதனால்தான் பேனா எடுத்தேன்.

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை மூன்று தடவை படித்தேன். ஐந்தே நாளில் திருச்சி, தேக்கடி, மூணாறு, கொச்சி, ஆலப்புழை, கொல்லம், திருவனந்தபுரம், கன்னியாகுமரி, மறுபடி திருச்சி. நம் நெட்டைப் பயல் பார்த்திருந்தால், ‘கல்யாண வெள்ளிவிழாவுக்குப் போறானா, ஓட்டு கேட்டுப் போறானா’ என்று கேட்டிருப்பான். அடியில் கணக்கு வேறு: ‘மொத்தம் 1,200 கிலோமீட்டர், மணிக்கு 60, ஆக 20 மணி நேரம், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்.’ பேங்க்கில் வட்டி போட்ட கை. வகுத்தலில் பிழை இல்லை. அந்த 60 எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன். திருச்சியிலிருந்து மதுரைக்கு நாலு வழிச் சாலையில் போகிற வேகம் அது. மூணாறிலிருந்து கொச்சிக்கு 130 கிலோமீட்டர்தான்; நாலு மணி நேரத்துக்குக் குறைந்து இறங்க முடியாது. மலையில் மணிக்கு 30 போனால் நன்றாகப் போகிறாய் என்று அர்த்தம். கீழே இறங்கினால் ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. வழி நெடுக வீடும் கடையும் பஸ் நிறுத்தமும் பள்ளிக்கூடமும்தான். கடலோரச் சாலையான என்.எச். 66-ஐ அகலப்படுத்துகிறார்கள். பல இடங்களில் வேலை முடியவில்லை. சர்வீஸ் ரோட்டில் ஒரு டிப்பருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் 35 கூட வராது. உன் 20 மணி நேரம் அங்கே 35 மணி நேரம். கேரளாவுக்குள் கிலோமீட்டரை மறந்துவிடு, மணியை மட்டும் எண்ணு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

போன தை மாதம் குருவாயூரில் மைத்துனர் மகள் கல்யாணம். காலையில் முகூர்த்தம், பதினோரு மணிக்கே சத்யா விருந்து. அன்று ராத்திரி அங்கேயே தங்கியிருக்கலாம். ரூமும் போட்டிருந்தார்கள். மறுநாள் கடை திறக்கணும் என்று பிடிவாதமாக இரண்டு மணிக்குக் கிளம்பினேன். கொச்சியைக் கடக்கவே சாயந்திரம் ஆகிவிட்டது. ஆலப்புழையில் காயலைப் பார்க்கணும் என்று செல்வி சொன்னாள். நிறுத்தவில்லை. கொட்டாரக்கரையில் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு, இன்னும் எழுபதுதானே என்று வண்டியை எடுத்தேன். புனலூர் தாண்டினால் இரண்டு பக்கமும் காடு. எதிரே எம்-சாண்ட் லாரிகள், ஹெட்லைட் நேராகக் கண்ணில் அடிக்கும். கழுதுருட்டிக்குப் பக்கத்தில், அந்தப் பதின்மூன்று கண் ரயில் பாலம் இருக்கிறதே, அதற்குக் கொஞ்சம் முன்னால், எனக்குக் கண் மூடிவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ‘கணேசா!’ என்று ஒரு சத்தம். விழித்தபோது இடது சக்கரம் தாரை விட்டு இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் செல்வியின் கை இருந்தது. பத்தடி தள்ளி ஓடை.

இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை சிவா. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. முன்னெல்லாம் தென்காசி எல்லை தாண்டுவதற்குள் காரில் தூங்கிவிடுவாள், உனக்குத் தெரியும். இப்போது பகலில் கடையநல்லூர் வரை போனால்கூடக் கண்ணை மூடுவதில்லை. ஆரஞ்சுச் சுளை உரித்து உரித்து என் கையில் வைக்கிறாள். சம்பந்தமில்லாமல் எதையாவது கேட்டுக்கொண்டே வருகிறாள். ரோட்டைப் பார்ப்பதைவிட என் கண்ணைத்தான் பார்க்கிறாள். அவளுடைய அந்தத் தூக்கத்தை நான் பறித்துவிட்டேன். உன் திட்டத்தில் ‘நாள் 3: மூணாறு – கொச்சி – ஆலப்புழை, இரவு 11 மணிக்குள்’ என்று இருக்கிறது பார், அந்த வரியைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மீனாவுக்கு அப்படி ஒரு ராத்திரி வரக்கூடாது.

போன மார்ச்சில்தான் உனக்குக் கண் ஆபரேஷன் ஆனது. எதிர் வெளிச்சம் கூசுகிறது என்று நீயே சொன்னாய். இருட்டில் மலைப்பாதை வேண்டாம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. இந்தத் திட்டத்தை மீனாவிடம் காட்டினாயா? செல்வி நேற்று அவளிடம் பேசினாள். ‘எனக்கு எங்கேயும் ஓட வேண்டாம் அக்கா, ரெண்டு நாள் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், காலையில் எட்டு மணி வரைக்கும் யாரும் எழுப்பக்கூடாது’ என்றாளாம். இருபத்தைந்து வருடமாக அஞ்சரைக்கு எழுந்து டிபன் கட்டுகிறவள் கேட்பது அவ்வளவுதான். உன் காகிதத்தில் எட்டு மணித் தூக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று தேடினேன். ஒரு ஊரிலும் இல்லை.

அதனால் நானே உட்கார்ந்து வேறு ஒன்று போட்டிருக்கிறேன். தேக்கடி, மூணாறு, கொச்சி மூன்றையும் எடுத்துவிட்டேன். கோபப்படாதே, அவை எங்கேயும் போய்விடாது. மூணாறுக்குத் தனியாக நாலு நாள் வேண்டும். இந்த முறை ஒரே ஒரு ஆற்றோடு போய் வா. இங்கே மலையில் பிறந்து அந்தப் பக்கம் கடலில் சேருகிற கல்லடா ஆறு. எங்கள் ஊர் வழியாகப் போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அதைக் கவனிப்பதே இல்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருச்சியில் கிளம்பு. மதுரை, திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம். முந்நூறு கிலோமீட்டர் வரும். பால்கோவாவுக்கு நிறுத்தினாலும் மதியச் சாப்பாட்டுக்கு என் வீட்டில் இருப்பாய். அன்று ராத்திரி இங்கேதான் தங்குகிறீர்கள், அதில் பேச்சே இல்லை. சாயந்திரம் பிரானூர் பார்டர் புரோட்டா. ஊர் வாசலில் சங்கு முத்திரை போட்ட அந்த வளைவை மீனாவுக்குக் காட்டணும். 1956 நவம்பர் 1 வரை நாங்கள் மலையாளத்துக்காரர்கள். தாத்தா நிலப் பத்திரமெல்லாம் திருவிதாங்கூர் முத்திரையோடு இன்னும் பரணில் இருக்கிறது, எடுத்து வைக்கிறேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புளியரை ஏற்றம். எஸ் வளைவில் லாரிகள் திணறிக்கொண்டு ஏறும். முந்தப் பார்க்காதே. ஏறுகிற வண்டிக்கு வழி விடு. இறங்கும்போது ஏறின அதே கியரில் இறங்கு, பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாதே. ஆரியங்காவு தாண்டினதும் கழுதுருட்டி ஆறு ரோட்டோடு சேர்ந்து வரும். கல்லடாவில் சேரும் சிற்றாறுகளில் ஒன்று அது. பதின்மூன்று கண் பாலத்தில் இறங்கிக் கொஞ்ச நேரம் நில். 1904-இல் வந்த கொல்லம் ரயில் பாதை அது. மீட்டர் கேஜை நிறுத்தி, அகலமாக்கி, 2018-இல்தான் மறுபடி முழுசாக ரயில் விட்டார்கள். நாம் இரண்டு பேரும் பழைய ரயிலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொல்லம் போனதும், திரும்பும்போது நடந்ததும் ஞாபகம் இருக்கிறதா? மீனாவிடம் அதை நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம் தென்மலை. மூன்று சிற்றாறுகள் சேர்ந்து கல்லடா ஆவது அங்கேதான், அணையும் அங்கேதான். புனலூரில் 1877-இல் கட்டின தொங்கு பாலம் அதே ஆற்றின் மேல் இருக்கிறது. இப்போது வண்டி விடுவதில்லை, நடந்து போகலாம். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டு, கொட்டாரக்கரை, குண்டறை வழியாக மதியத்துக்கு மன்றோ தீவு போய்விடு. செங்கோட்டையிலிருந்து நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ஒரு நாள் முழுக்க அதற்கே கொடுத்திருக்கிறேன்.

மன்றோ தீவில் இரண்டு ராத்திரி. வீட்டோடு சேர்ந்த ரூம்கள் கிடைக்கும். கல்லடா அஷ்டமுடிக் காயலில் கலக்கிற இடம் அது. ஆறு கொண்டு வந்த வண்டலில் உண்டான நிலம். அணை வந்த பிறகு வண்டல் வரத்துக் குறைந்து நிலம் தாழ்ந்துகொண்டே போகிறது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். கடல் ஏற்றம் வந்தால் திண்ணை வரைக்கும் உப்புத் தண்ணீர் ஏறி நிற்கும். சுவரில் அந்தக் கோடு தெரியும். காலையில் சின்ன வள்ளத்தில் ஏறி வாய்க்கால்களுக்குள் போ. கழி ஊன்றித் தள்ளுவார்கள், மோட்டார் கிடையாது. சில பாலங்களுக்குக் கீழே தலையைக் குனியணும். அது ஆறு மணிக்குப் போனால்தான் அழகு. மீனா எட்டு மணி வரை தூங்கணும் என்றால் சாயந்திரம் போங்கள், அவள் இஷ்டம்தான் முக்கியம். திங்கட்கிழமைக்கு வேறு வேலையே வைக்கவில்லை. கப்பைக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக் கிட.

செவ்வாய் கொல்லம் வழியாக வர்க்கலை. ஒன்றரை மணி நேர ஓட்டம், இரண்டு மணி என்று வைத்துக்கொள். தங்கசேரியில் 1902-இல் கட்டின கலங்கரை விளக்கம் இருக்கிறது, மனசிருந்தால் பார். வர்க்கலையில் செம்மண் குன்று நேராகக் கடலுக்குள் இறங்கும். மேலே ரூம், கீழே பாபநாசம் கடற்கரை. அங்கேயும் இரண்டு ராத்திரி. மீனா கேட்ட கடல் இதுதான். சிவகிரியில் நாராயண குரு சமாதி பக்கம்தான், ஒரு காலை போய் வாருங்கள். மற்ற நேரம் கார் சாவியை அவளிடம் கொடுத்துவிடு.

வியாழன் பத்மநாபபுரம் அரண்மனை. எட்டு மணிக்காவது கிளம்பு. கழக்கூட்டம் பைபாஸ் பிடித்தால் திருவனந்தபுரத்துக்குள் நுழைய வேண்டாம். களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரை ஊர்ந்துதான் போகணும். நூறு கிலோமீட்டர் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். மதியம் ஒரு மணிக்கு அரண்மனையில் இடைவேளை விடுவார்கள். திங்கட்கிழமை மூடல், அதனால்தான் சனிக்கிழமை கிளம்பச் சொன்னேன். நம் மாநிலத்தில் இருக்கிற அரண்மனையைக் கேரள அரசு வைத்துப் பராமரிக்கிறது. அந்த வழவழக் கருப்புத் தரையில் வெறுங்காலோடு நடந்து பார். ராத்திரி நாகர்கோவில். வெள்ளி அங்கிருந்து திருநெல்வேலி, மதுரை, திருச்சி. நாலு வழி, பகல் ஓட்டம், உன் 60 அங்கே செல்லும். சனி, ஞாயிறு வீட்டில் துணி துவைத்து ஓய்வெடுத்துவிட்டுத் திங்கள் பேங்க்குக்குப் போ. லீவு ஐந்து நாள்தான் ஆகிறது, கவனித்தாயா?

தேதிதான் சரியில்லை. டிசம்பர் 27 வேண்டாம். இப்போதே எங்கள் ரோடு முழுக்க ஐயப்பமார் வண்டி. ஆரியங்காவு, அச்சன்கோவில், குளத்துப்புழை என்று மகரஜோதி வரைக்கும் விடாது. பாதி டிரைவர்கள் ராத்திரியெல்லாம் தூங்காமல் ஓட்டி வருகிறவர்கள். டிசம்பர் கடைசியில் சிவகிரி யாத்திரை வேறு, வர்க்கலையில் கால் வைக்க இடம் இருக்காது. புத்தாண்டுக்கு ரூம் விலை எங்கேயோ போய்விடும். கல்யாண நாளைத் தள்ளி வைப்பதா என்று மீனா வருத்தப்பட்டால், அன்று சமயபுரம் போய்விட்டு வாருங்கள், பயணம் தை கடைசியில் இருக்கட்டும். மாசிக்குப் போனால் ஆற்றுக்கால் பொங்கல் தேதியைப் பார்த்துக்கொள். அன்று திருவனந்தபுரத்து ரோடெல்லாம் அடுப்புதான்.

வண்டியின் நாலு டயரையும் கிளம்புவதற்கு முந்தின வாரமே காட்டிவிடு, ஸ்டெப்னியையும். பொல்யூஷன் சர்டிபிகேட் தேதி முடிந்திருக்கப் போகிறது, பார். அங்கே 2023-லிருந்து ஏ.ஐ. கேமரா. பக்கத்தில் உட்காருகிறவர்களும் பெல்ட் போடணும். மத்தியானம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாவியைத் தொடணும். அஞ்சரைக்கு மேல் எந்த ஊரில் இருக்கிறாயோ அங்கேயே ரூம் போடு. இந்த ஒன்றை எனக்கு எழுத்தில் எழுதி அனுப்பு.

இங்கே பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. சின்னவள் பரீட்சைக்குப் படிக்கிறாள், கடை பரவாயில்லை, மாமியாருக்கு முட்டு வலி. பெரியண்ணாச்சி இன்னும் அந்தக் குடையைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். வரும்போது எடுத்துக்கொண்டு வா, இந்தத் தடவையாவது.

செல்வியும் நானும் மன்றோ தீவு வரைக்கும் உங்களோடு வரலாமா என்று யோசித்தோம். வேண்டாம், நீங்கள் இரண்டு பேர் மட்டும் போவதுதான் சரி என்று அவளே சொல்லிவிட்டாள். ஆனால் புளியரை ஏற்றம் வரைக்கும் முன்னால் என் வண்டியில் வருவேன், அதற்கு மறுப்புச் சொல்லாதே. தேதியை இந்த வாரத்துக்குள் மீனாவிடம் கேட்டுச் சொல். உன்னிடம் இல்லை, அவளிடம் கேட்டு. மன்றோ தீவில் தெரிந்த வள்ளக்காரர் ஒருவர் இருக்கிறார், முன்கூட்டியே சொல்லி வைக்கணும்.

உன்
கணேசன்