பெட்டி வந்து சேர்ந்தது, மகள்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறன். மாமாங்கேஸ்வரர் புண்ணியத்தில நாங்க ரெண்டு பேரும் சுகம். நீயும் மருமகனும் பேத்தியும் சுகமா இருப்பீங்க எண்டு நம்புறம். நீ கார்கோவில போட்ட பெட்டி போன கிழமை வந்து சேர்ந்தது. சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் அம்மா தனியாக் கதைப்பா. நான் எழுத வந்தது அதில இருந்த, இங்க ஓடாத டிவிடிகளைப் பற்றி.

போனில நான் ரெண்டு சொல் சொல்ல முன்னம், "அப்பா, அது ரீஜன் பிரச்சினை, நான் இங்கயிருந்து ஒரு ப்ளேயர் வாங்கி அனுப்புறன்" எண்டு சொல்லி வச்சிட்டாய். ப்ளேயர் வாங்காத, புள்ள. இந்தக் கடிதத்தை முழுசா வாசிச்சுப்போட்டு மறுகா யோசி. ரீவி திருத்தி உங்களைப் படிப்பிச்ச மனுசனுக்கு இதில கொஞ்சமாவது தெரியும் எண்டு வச்சுக்கொள்ளன்.

முதல்ல அண்டைக்குப் பின்னேரம் நடந்ததைச் சொல்லுறன். அம்மா குளிச்சு, விளக்கு வச்சு, சின்னம்மாவையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, கதிரை எல்லாம் வரிசையாப் போட்டு, கச்சானும் அவிச்சு வச்சிருந்தா. பேத்தியின்ட அரங்கேற்றம் பார்க்கப் போறமாம். டிஸ்கைப் போட்டன். டிவிடி செட் அரைநிமிசம் முனகினது. மறுகா "நோ டிஸ்க்" எண்டு எழுத்து வந்தது. எடுத்துத் துடைச்சுப் போட்டன், அதே எழுத்து. அம்மா தன்ட சேலைத் தலைப்பால துடைச்சுத் தந்தா. பற்பசை பூசித் தேய்க்கச் சொல்லிச் சின்னம்மா ஒரு வைத்தியம் சொன்னா, நான் கேட்காத மாதிரி இருந்திட்டன். வந்த சனத்தை வெறுங்கையோட அனுப்பக்கூடாது எண்டு நீ அனுப்பின படங்களில ஒண்டைப் போட்டன். அதுவும் "ரீஜன் பிழை" எண்டது. கச்சான் முடிஞ்சது, சனம் போயிட்டுது.

உனக்கு ரெண்டும் ஒரே வருத்தம் மாதிரித் தெரிஞ்சது. நானும் முதல் நாள் அப்படித்தான் நினைச்சன்.

படங்களின்ட கதை லேசு. 1990களின்ட கடைசியில டிவிடி வரேக்க, படக் கொம்பனிகள் உலகத்தை ஆறு துண்டாப் பிரிச்சு ஒவ்வொண்டுக்கும் ஒரு எண் குடுத்தாங்க, அதுதான் ரீஜன். அமெரிக்காவில தியேட்டரில ஓடி முடிஞ்சு டிவிடி வாற நேரம் இன்னொரு நாட்டில படம் தியேட்டருக்கே வந்திருக்காது. அந்த டிவிடி இங்க வந்து ஓடிட்டா தியேட்டர்க்காரனுக்கு நட்டம். விலையும் ஊருக்கு ஊர் வேற. அதுக்காகத்தான் இந்த வேலி. கனடாவும் அமெரிக்காவும் 1. லண்டன், மத்திய கிழக்கு, யப்பான் 2. அவுஸ்திரேலியா 4. நாங்க இந்தியா, ரஷ்யா, ஆபிரிக்காவில பெரும்பகுதி எல்லாத்தோடயும் சேர்த்து 5. மொங்கோலியாவும் நம்மட துண்டுதான், அவங்களும் நாமளும் எப்ப உறவானம் எண்டு தெரியல்ல. விமானத்துக்கும் கப்பலுக்கும் எண்டு தனியா 8 இருக்கு. நீ ரொறன்ரோவில 1, டோகாவில இறங்கி நிண்டா 2, கட்டுநாயக்கவில 5, வானத்தில இருக்கேக்க 8. சொந்தக் காசில வாங்கின டிவிடி மட்டும் உன்னோட எல்லை தாண்டி வராது. சந்தையில நூறு ரூபாய்க்கு வித்த கள்ளக் கொப்பி எந்த செட்டிலயும் மறுபேச்சில்லாம ஓடும், கடையில காசு குடுத்து வாங்கினதுதான் கேள்வி கேட்கும். இதை நான் கடை வச்சிருந்த காலத்திலயே சொல்லிச் சொல்லிச் சலிச்சிட்டன்.

அந்தக் காலத்தில காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் சவூதி, கட்டாரால வந்த ஆக்கள் தோளில ப்ளேயரைத் தூக்கிக்கொண்டு நம்மட கடைக்கு வருவாங்க. "நானா, புதுச் சாமான், இந்தியப் படம் ஓடுதில்ல, உடைஞ்சிட்டுது போல." உடையல்ல. செட் 2, டிஸ்க் 5. தட்டைத் திறந்து வச்சு றிமோட்டில சில இலக்கங்களை அமத்த, ரீவி மூலையில ஒரு சின்ன எண் வரும். அதை 0 ஆக்கிவிட்டா எல்லா எண்ணும் சம்மதம். அஞ்சு நிமிச வேலை. அதுக்குக் காசு கேட்க எனக்கே வெட்கம், தேத்தண்ணிக்கு எண்டு தருவாங்க. மொடலுக்கு மொடல் இலக்கம் வேற எண்டதால ஒரு கொப்பியில எழுதி வச்சிருந்தன். 2004 மார்கழிச் சுனாமியில கடையோட அந்தக் கொப்பியும் போயிட்டுது.

அதனால இந்தத் தடவை சின்னம்மாட மகன்தான் நம்மட செட்டின்ட மொடலைப் பார்த்து இலக்கத்தைத் தேடித் தந்தவன். 0 ஆக்கினன். நீ அனுப்பின ஆறு படத்தில அஞ்சு ஓடிட்டுது. ஆறாவது மட்டும் உலக வரைபடத்தைப் போட்டு, உன்ட ப்ளேயர் சரியில்ல எண்டு அறிவுரை சொன்னது. அதுக்குள்ளயும் ஒரு சூது இருக்கு. சில டிஸ்க் செட்டைப் பார்த்து "நீ எந்த எண்?" எண்டு கேட்கும். எல்லாத்துக்கும் தலையாட்டுற 0 செட்டைக் கண்டா, அதைக் கள்ளன் எண்டு முடிவு கட்டிரும். நான் 0 ஐ எடுத்துப்போட்டு 1 எண்டு வச்சன். இப்ப நம்மட செட் கனடாக்காரன். படம் ஒழுங்கா ஓடினது.

சின்னம்மாட மகன் அதுக்கு முதல் தன்ட லெப்டொப்பிலயும் ஒரு வேலை பார்த்திருக்கிறான். கணினியில இருக்கிற டிவிடி டிரைவில ரீஜனை அஞ்சு தரம்தான் மாத்தலாம், அஞ்சாவதோட அப்படியே பூட்டிக்கொள்ளும். பெடியன் ஒரே பின்னேரத்தில மூண்டைத் தின்னுட்டான். மருமகன்ட கணினியிலயும் யாரும் "மாத்தவா?" எண்டு கேட்டா ஓம் எண்டு அமத்தவிடாத. விஎல்சி எண்டு செம்மஞ்சள் கூம்புப் படம் போட்ட மென்பொருள் இருக்கு, சும்மா எடுக்கலாம். அது பெரும்பாலும் இந்த எண்ணைக் கணக்கெடுக்காது.

இனி அம்மா கண்டுபிடிச்ச கதை. இதைக் கட்டாயம் எழுதச் சொன்னவ.

பியானோ வாசிக்கிற அந்தப் பழைய இங்கிலிஷ் படம் இருக்கே, அதை முந்தி தம்பி லண்டனால அனுப்பினவன். நீயும் அதையே அனுப்பியிருக்கிறாய். உன்னுடையதை ஒரு ராத்திரி போட்டன். அம்மா குசினிக்குள்ள இருந்து கேட்டுக்கொண்டிருந்தவ, வெளியில வந்து, "இது இறங்கி நிக்குது" எண்டா. என்ன இறங்கி நிக்குது? "சுருதி. தம்பி தந்ததில இதே பாட்டு மேல நிண்டது." காது மந்தமாகிட்டுது எண்டு நான் பகிடி பண்ணினன். அவ சுருதிப் பெட்டியை எடுத்துவந்து ரெண்டு டிஸ்கையும் மாறி மாறிப் போடவச்சா. உண்மைதான், அரைச் சுருதிக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம். அப்பதான் நேரத்தைப் பார்த்தன். உன்னுடையது 150 நிமிசம், தம்பியுடையது 144.

வெட்டினதில்ல, மகள். பிலிம் செக்கனுக்கு 24 படம். லண்டனும் நாமளும் 'பால்' (PAL) எண்ட ரீவி முறை, 625 கோடு, செக்கனுக்கு 25 படம். 24 ஐ 25 ஆக்க அவங்க பெரிசா ஒண்டும் மினக்கெடல்ல, படத்தையே கொஞ்சம் வேகமா ஓட்டிட்டாங்க. நூற்றுக்கு நாலு பங்கு வேகம். பியானோவும் பாட்டும் அதோட மேல ஏறிட்டுது. கனடா, அமெரிக்கா என்டிஎஸ்சி எண்ட முறை, 525 கோடு, செக்கனுக்குக் கிட்டத்தட்ட 30 படம். அங்க கரண்ட் 60 ஹேர்ட்ஸ், இங்க 50, இந்த வித்தியாசம் தொடங்கினதே அதிலயிருந்துதான். 24 ஐ 30 ஆக்க ஓட்டிப் பிடிக்கேலாது, அதால சில படத்தைத் திரும்பக் காட்டிச் சமாளிப்பாங்க. வேகம் மாறாது, சுருதி மாறாது. ஆனா காமிரா பக்கவாட்டில மெதுவா நகரேக்க ஒரு சின்னத் திக்கல் தெரியும். கோடும் குறைவு, அதால படம் தம்பியுடைய அளவுக்குத் துலக்கமில்ல. பார்க்கிறதுக்கு அவனுடையது, கேட்கிறதுக்கு உன்னுடையது எண்டு நாங்க வீட்டுக்குள்ள தீர்ப்பு எழுதிட்டம். இத்தனை வருசம் பால் முறையில கேட்டுக் கேட்டு, அது கூட எண்டு எனக்குத் தோணினதே இல்ல. அவ குசினிக்குள்ள நிண்டு பிடிச்சிட்டா.

இப்ப நீ வாங்கப்போற ப்ளேயருக்கு வாறன். இங்க விக்கிற செட்டும் ரீவியும் பாலும் காட்டும், என்டிஎஸ்சியும் காட்டும். கனடாவில விக்கிற ப்ளேயர் பெரும்பாலும் என்டிஎஸ்சி மட்டும்தான். அதை வாங்கி வச்சா தம்பி தந்தது ஒண்டும் ஓடாது, ஒரு கண்ணைக் குடுத்து மற்றக் கண்ணை வாங்கின மாதிரி. அதோட பின்பக்கத் தகட்டைப் பார். 100 தொடக்கம் 240 வோல்ட் எண்டு இருந்தா தப்பிச்சுது. 120 எண்டு மட்டும் இருந்தா இங்க 230இல செருகின உடன புகைதான். ஒருத்தர் மொன்றியலால கொண்டுவந்த சோறு சமைக்கிற குக்கரை இப்படிச் செருகிப்போட்டு என்னட்டக் கொண்டுவந்தவர், திறந்தா உள்ள கரி. ட்ரான்ஸ்போமர் வச்சு இறக்கலாம், ஆனா அந்தப் பாரத்துக்கு நீ குடுக்கிற கார்கோக் காசில இங்க நல்ல செட்டே வாங்கலாம்.

நீ அனுப்பினதில இருக்கிற அந்த ரெண்டு புளூ-ரே டிஸ்கையும் திருப்பி எடு, இல்லாட்டி நீங்களே பாருங்க. நம்மட செட்டில டிவிடி வாசிக்கிற சிவப்பு லேசர்தான், 650 நனோமீற்றர். புளூ-ரேக்கு 405 வேணும். ரீஜன் கேட்கிறதுக்கு முதலே வாசலோட நிண்டுரும். அதிலயும் ஏ, பி, சி எண்டு மூண்டு பிரிவு: கனடா ஏ, லண்டன் பி, நாங்க சி. றிமோட்டில இலக்கம் அமத்தி ஏமாத்துறது அதில லேசில்ல. அதுக்குப் பிறகு வந்த 4கே டிஸ்குக்கு மட்டும் ரீஜன் வைக்கல்ல. பிந்தியாவது புத்தி வந்திருக்கு.

சரி, அரங்கேற்றம். இதுக்காகத்தான் இவ்வளவும்.

கடை டிஸ்குக்குத்தான் ரீஜன். வீட்டில பதிஞ்ச டிஸ்குக்கு அந்தப் பூட்டே இல்ல. அதால நான் செட்டைக் கனடாக்காரன் ஆக்கியும் அது அசையல்ல. வெயிலில பிடிச்சு அடிப்பக்கத்தைப் பார்த்தன். எழுதின வளையம் கடும் நிறத்தில நல்லாத் தெரியுது, வெளி ஓரம்தான் வெளிறிக் கிடக்கு. அப்ப படம் உள்ள இருக்கு. மருமகன் ரெக்கோடரில பதிஞ்சவர் எண்டு சொன்னாயல்லவா? பதிஞ்சு முடிச்ச பிறகு கடைசியா ஃபைனலைஸ் எண்டு ஒண்டு அமத்த வேணும். அதுதான் உள்ள என்ன, எங்க கிடக்கு எண்ட பட்டியலை எழுதி டிஸ்கை மூடும். அவர் அதைச் செய்யல்ல. மூட்டை நிறைய நெல் இருக்கு, வாய் தைக்கல்ல, லொறிக்காரன் ஏத்த மாட்டான் எண்ட மாதிரி. உங்கட வீட்டு ரெக்கோடருக்குத் தான் எழுதினது தனக்குத் தெரியும், அதால அங்க ஓடும். "இங்க நல்லா ஓடினதே அப்பா" எண்டு நீ சொன்னது பொய்யில்ல.

சின்னம்மாட மகன்ட லெப்டொப்பில போட்டா, "வெற்று டிஸ்க், எழுதவா?" எண்டு கேட்டுது. பெடியன்ட விரல் ஓம் எண்ட இடத்தில. நான் போட்ட சத்தத்தில அம்மா கிணத்தடியில இருந்து ஓடிவந்தா. இப்ப டிஸ்க் அலுமாரிக்குள்ள, அவட கலியாணச் சேலைக்கு நடுவில இருக்கு.

மருமகனைக் கேள், மூலப் படம் காமிராவில இன்னும் இருக்கா எண்டு. இருந்தா புதுசாப் பதிஞ்சு அனுப்பச் சொல்லு. மூண்டு மணித்தியாலத்தையும் ஒண்டுக்குள்ள அடைக்க வேணாம், முகம் கலங்கிப்போகும். எஸ்பி எண்ட சாதாரணப் பதிவு வேகத்தில ரெண்டு மணித்தியாலம்தான் ஒழுங்கா நிக்கும், ரெண்டு டிஸ்கா எழுதட்டும். ரெண்டையும் ஃபைனலைஸ் பண்ணி, வேற வீட்டு ப்ளேயர் ஒண்டில போட்டுப் பார்த்த பிறகு அனுப்பட்டும். மேல ஒட்டுற லேபல் வேணாம், சுத்தேக்க ஆடும், மார்க்கரால எழுதினாப் போதும். ஒரு பென் டிரைவிலயும் அதே படத்தைப் போட்டு வை. என்டிஎஸ்சியில வந்தாப் பரவாயில்ல, இங்க காட்டும்.

காமிராவில அழிஞ்சிட்டுது எண்டா உடன சொல்லு. அலுமாரிக்குள்ள இருக்கிறதைத் தபாலில போடமாட்டன். ஆவணியில ஊருக்கு வாற ஆள் திரும்பிப் போகேக்க கையில குடுத்துவிடுறன். மருமகன் தன்ட ரெக்கோடரில போட்டு ஃபைனலைஸ் மட்டும் அமத்தட்டும், வேற ஒண்டையும் தொட வேணாம். அந்த ரெக்கோடரை வித்துப்போடாதீங்க.

நீ அனுப்பின போட்டோவில பேத்தி தட்டிமெட்டடவு நிலையில நிக்கிறாளாம், அம்மா அதை ரீவிக்கு மேல வச்சிருக்கிறா. வர்ணம் எந்த ராகத்தில ஆடினவ எண்டு கேட்கச் சொன்னவ. அதை மட்டும் இந்தக் கிழமை போனில சொல்லு. டிஸ்க் வரும்வரைக்கும் சுருதிப் பெட்டியை வச்சு அதைப் பாடிக்கொண்டிருப்பா.

அன்புடன்,
அப்பா