ஏற்காட்டில் மேய்வது எருமை இல்லை

அன்புள்ள செல்வா,

போட்டோ வந்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா ரோட்டில் காரை மறித்துக்கொண்டு நிற்கிறதே, அதைப் போய் "நம்ம ஏற்காட்டுக் காட்டெருமையேதான்டா, இங்க பஃபலோங்கிறாங்க" என்று எழுதியிருக்கிறாய். வீட்டுச் சமாச்சாரம் அப்புறம், முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நீ பார்த்தது பைசன். அந்த ஊர்க்காரர்கள் வாய்ப்பழக்கத்தில் பஃபலோ என்கிறார்கள், அவ்வளவுதான். எருமை என்றால் உன் பாட்டி வளர்த்ததே, மூக்கனேரியில் கழுத்து வரை முங்கிக்கொண்டு சாயங்காலம் எவ்வளவு விரட்டினாலும் கரையேறாதே, அது. கொம்பு பட்டையாக, வரிவரியாக, பின்பக்கம் சாய்ந்து போகும். உன் போட்டோவில் இருப்பதற்கு மோவாயில் தாடி, தலையிலும் தோளிலும் கம்பளி போர்த்தியது போல் முடி, கொம்போ அந்தப் பெரிய தலைக்குப் பொருந்தாத மாதிரி குட்டை. பனியில் தலையாலேயே பனியைத் தள்ளிவிட்டுப் புல் தின்கிற பிராணிக்கு அந்தத் தோளும் கழுத்தும் வேண்டியிருக்கிறது.

சரி, நம்ம மலையில் இருப்பது எது? வெள்ளைக்காரர்கள் இந்தியன் பைசன் என்றார்கள், நாம் காட்டெருமை என்கிறோம், அது இரண்டும் இல்லை. கௌர் என்பது அதன் பெயர். நம்ம வீட்டு மாட்டுக்கு நெருங்கிய சொந்தம். எஸ்டேட்டில் வேலை செய்கிற பெரியவர்கள் காட்டுமாடு என்பார்கள், அதுதான் சரி. சங்கப் பாட்டுகளில் ஆமா, ஆமான் என்று வருவது இதைத்தான் என்கிறார்கள். ஆ என்றால் பசுதானே. அவ்வளவு காலத்துக்கு முன்னால் சரியாகப் பார்த்துப் பெயர் வைத்தவர்களின் பேரன்கள் நாம் எருமை என்று சொல்லித் திரிகிறோம், எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

போன வாரம் பழம் பறிக்க ஆள் வருவதற்கு முன்னால், ஆறு மணி இருக்கும், நாகலூர்ப் பக்கம் காப்பிச் செடிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தேன். பனிமூட்டம். சில்வர் ஓக் மரத்தடியில் முதலில் தெரிந்தது நாலு வெள்ளைக் கால்கள்தான், முழங்காலுக்குக் கீழே சாக்ஸ் போட்ட மாதிரி. மூட்டம் விலக விலக மேலே கறுப்பு உடம்பு, முதுகில் பாதி வரை ஓடுகிற மேடு, நெற்றியில் சாம்பல் நிறம், மஞ்சள் கொம்பு மேல்நோக்கி வளைந்து நுனி மட்டும் கறுப்பு. தோள் என் தலை உயரம். நன்கு வளர்ந்த கிடா ஆயிரம் கிலோ வரும். என்னைப் பார்த்ததும் பக்கவாட்டில் திரும்பி, முழு உடம்பையும் காட்டிக்கொண்டு நின்றது. நான் எவ்வளவு பெரியவன் பார் என்று மிரட்டுகிற நிற்பு அது. முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்கி வந்துவிட்டேன், வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் காப்பி டம்ளரைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை.

இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. அதே வாரம் ரெண்டு பையன்கள் பைக்கை நிறுத்திவிட்டு, "எருமைதானே" என்று செல்ஃபி எடுக்க ஒன்றின் பக்கத்தில் போனார்கள். நான் கத்தின கத்தில்தான் திரும்பி வந்தார்கள். எருமை என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குக் குச்சியால் தட்டி ஓட்டுகிற ஞாபகம்தான் வருகிறது. உங்கள் பூங்காவில் பைசனுக்கு 25 கஜம் தள்ளி நிற்கச் சொல்லிச் சட்டமே இருக்கிறதாமே, இங்கே அதைவிடக் கூடுதலாகவே தள்ளி நில் என்பேன்.

அந்தப் பைசன் கதையும் லேசுப்பட்டதில்லை. கோடிக்கணக்கில் இருந்ததை 1880களின் கடைசியில் ஆயிரத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள், சுட்டுச் சுட்டு. இப்போது, 2016 முதல், அதுவே அந்த நாட்டின் தேசியப் பாலூட்டி. நம்ம காட்டுமாடு 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக அதிகப் பாதுகாப்புள்ள பட்டியலில், இருக்கிறது.

அம்மா நலம், முட்டி வலி மட்டும் பனிக்காலத்தில் கொஞ்சம் கூடுதல். மிளகு இந்த வருஷம் பரவாயில்லை. மே மாதம் அந்தப் பக்கம் போனால் பைசன் கன்று போட்டோ ஒன்று அனுப்பு, செம்மண் நிறத்தில் இருக்குமாம். நம்ம காட்டுமாட்டுக் கன்றும் பிறந்த புதிதில் பொன்நிறம்தான், ரெண்டையும் பக்கத்தில் வைத்து அம்மாவிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
முருகேசன்
ஏற்காடு