கொழுப்புத் திசு கைக்கு வந்ததும்

பெரம்பூர், சென்னை

அன்புள்ள மீனா,

அழற்சியில் கொழுப்பணு புரோகால்சிடோனின் சுரக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, அடுத்த வாரம் உனக்கு முதல் கொழுப்புத் திசு வரப்போகிறது. அதற்குள் இதைப் படித்துவிடு.

கால்சிடோனின் என்ற ஹார்மோன் தைராய்டின் சரக்கு என்றுதான் பாடத்தில் இருக்கும். ஆனால் செப்சிஸில் (கிருமித் தொற்று உடல் முழுவதையும் தாக்கும் நிலை) அதன் முன்னோடியான புரோகால்சிடோனின் தைராய்டை எடுத்துவிட்டவர்களுக்கும் ஏறுகிறது. 1993-லேயே தெரிந்த விஷயம். அழற்சியில் அதைச் சுரக்கும் இடங்களில் கொழுப்பணுவும் ஒன்று. பெப்டைடை வெட்டிப் பதப்படுத்திச் சேமிக்கும் வசதி கொழுப்பணுவில் இல்லை. அதனால் 32 அமினோ அமிலக் கால்சிடோனினாக்காமல், 116 உள்ள முழுச் சங்கிலியையே வெளியே விட்டுவிடுகிறது. அதனால் அளப்பதற்குப் புரோகால்சிடோனினுக்கென்றே உள்ள கிட்டை வாங்கு. அதே மரபணுதான் சிஜிஆர்பி என்ற இன்னொரு பெப்டைடையும் தருகிறது, இரண்டையும் சேர்த்தே பார்.

திசுவை ஐஸில் வைக்காதே, கொழுப்பு இறுகி அணுக்கள் உடையும். 37 டிகிரி பஃபரில் (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசல்) கொண்டு வா. சித்திரை வெயிலில் இங்கே பெட்டி தானாகவே சூடாகிவிடும். உனக்கு அங்கே வெந்நீர்ப் பை வேண்டும். ரத்தக் குழாய்களை நீக்கிப் பொடியாக நறுக்கு. அணுக்களைப் பிரிக்க, திசுவைக் கரைக்கும் என்சைமான கொலாஜனேஸ் மில்லிக்கு 1 மில்லிகிராம், 45 நிமிடம், மெல்லக் குலுக்கினால் போதும். அதிக நேரம் விட்டால் மேலே எண்ணெய் மிதக்கும். அணுக்கள் வெடித்துவிட்டன என்று அர்த்தம். வடிகட்டி சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் முதிர்ந்த கொழுப்பணு மிதக்கும், முன்கொழுப்பணுவும் (இன்னும் முதிராதது) மேக்ரோபேஜும் (நோயெதிர்ப்பு அணு) அடியில் தங்கும்.

பலரும் ஏமாறுவது இங்கேதான். மிதக்கும் அடுக்கோடு கொஞ்சம் மேக்ரோபேஜும் ஒட்டி வரும், பருமனானவர் திசுவில் இன்னும் அதிகம். மேக்ரோபேஜின் அடையாளங்களான சிடி14, சிடி68 இருக்கிறதா என்று பார்க்காமல் 'கொழுப்பணு சுரந்தது' என்று எழுதினால் நான் நம்பமாட்டேன். முன்கொழுப்பணுவை வளர்த்து, இரண்டு வாரம் முதிரவைத்துச் செய்வது மெதுவான வழி, ஆனால் சுத்தமானது. முதிரவைக்கும் ஊடகத்தில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கும், அது அழற்சியை அமுக்கும். அழற்சியைத் தூண்ட இன்டர்லூக்கின்-1 பீட்டா சேர்க்கும் முன் கழுவி, டெக்ஸாமெத்தசோன் இல்லாத ஊடகத்தில் இரண்டு நாள் விடு. எதுவும் சேர்க்காத கன்ட்ரோலிலேயே புரோகால்சிடோனின் ஏறியிருந்தால் கொலாஜனேஸில் எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) இருக்கிறதா என்று பார். இன்டர்ஃபெரான்-காமா என்ற இன்னொரு அழற்சிப் புரதத்தைச் சேர்த்தால் புரோகால்சிடோனின் இறங்கும், அதைச் சோதனை கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதே.

ஆர்என்ஏ எடுக்கும்போது அரைத்த கரைசலைக் குளிரில் ஒருமுறை சுற்றி, மேலே படியும் கொழுப்பை நீக்கிவிட்டுத்தான் குளோரோஃபார்ம் ஊற்றவேண்டும்.

நோயாளி ஸ்டீராய்டு எடுப்பவரா என்பதைத் திசு வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள். அப்புறம் கேஸ் ஷீட்டைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

அம்மா