செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கோத்தகிரியின் இந்தக் குளிரிலும் வந்தமர்ந்திருக்கும் 17 உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது பதிவேட்டில் 64 பெயர்கள் உள்ளன என்பதை மட்டும் குறித்துவிட்டு அறிக்கையைத் தொடங்குகிறேன்.

இவ்வாண்டு செயற்குழு ஐந்து முறை கூடியது. மேலும் இரண்டு முறை, கூட்டம் நடத்தப் போதிய உறுப்பினர் வராமல் கலைந்தது. பொங்கலுக்குக் கோலப்போட்டியும், குடியரசு நாளில் கொடியேற்றமும், பாரதி பிறந்தநாளில் மாணவர்க்கான பேச்சுப்போட்டியும் வழக்கம்போல் நடந்தேறின.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, மார்ஜரி சைக்ஸ் அம்மையாரின் வாழ்க்கை தொடர்பான காகிதங்களைத் திரட்டும் பணியை நான் மேற்கொண்டேன். ‘ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்காகச் சங்கத்துக்கு எதற்குப் புது பீரோ’ என்று, கூட்டத்துக்கு வராத சிலர் தேநீர்க் கடையில் கேட்பதாக அறிகிறேன். ஆகவே சற்று விரிவாகச் சொல்வது என் கடமையாகிறது.

1905ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த அம்மையார், கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, 1928இல் சென்னை வேப்பேரி பெண்ட்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து, தமிழையும் கற்றுக்கொண்டார். போரை மறுக்கும் கிறித்தவப் பிரிவான குவேக்கர் சபையில் சேர்ந்ததும், சாந்திநிகேதன் சென்றதும், தாகூரின் மூன்று நாடகங்களை வங்காளியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்ததும், பின் சேவாகிராமத்தில் கைத்தொழில் வழியே பாடம் கற்பிக்கும் காந்தியடிகளின் ஆதாரக் கல்விப் பணியில் இணைந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்ததும் அதன் பிறகு நடந்தவை. அங்கிருந்துதான் நம் கோத்தகிரிக்கு வந்தார்.

1964 செப்டம்பரில் நாகாலாந்தில் இந்திய அரசுக்கும் நாகா கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே போர்நிறுத்தம் ஏற்பட்டபோது, அது மீறப்படாமல் கவனிக்க அமைந்த அமைதிப் பார்வையாளர் குழுவில் அவர் பணியாற்றினார். பின்னாளில் காந்திகிராமப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான டாக்டர் எம். அறம் அவர்களும் அக்குழுவில் இருந்தார். அறுபதை நெருங்கிய வயதில், இரு தரப்பும் சந்தேகத்தோடு பார்க்கும் ஒரு வேலைக்கு இந்த மலையிலிருந்து அந்த மலைக்கு ஒருவர் போயிருக்கிறார். நமது உறுப்பினர்களோ பேருந்து நிலையத்திலிருந்து கூட்ட அறைக்கு ஏறிவர முழங்கால் வலியைக் காரணம் காட்டுகிறார்கள். 1995இல் இங்கிலாந்தில் மறையும் வரை எழுதுவதை நிறுத்தாதவர் அவர்.

இதுவரை சேர்ந்தவை: அவருடைய நூல்களில் நான்கு, சில பத்திரிகை நறுக்குகள், அவரை நேரில் கண்ட முதியோர் மூவரின் பேச்சுப் பதிவுகள். அவர் கைப்பட எழுதியது என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒரு தாளும் இன்னும் கிடைக்கவில்லை. கடிதம் எழுதியவரிடம் தங்குவதில்லை. பெற்றவர் வீட்டுப் பரணில்தான் கிடக்கும். அதனால்தான் வீடு வீடாகப் போனேன். உறுப்பினர் ஒருவர் தம் தாயாரின் பழைய கடிதக் கட்டு இருப்பதாக ஜூன் மாதம் சொன்னார். ஆறு முறை நினைவூட்டினேன். தீபாவளிக்கு வெள்ளையடித்தபோது அந்தக் கட்டு பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டதாம். அதில் அம்மையாரின் கடிதம் இருந்ததா இல்லையா என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை.

சேர்ந்த நறுக்குகளில் துருவேறிய குண்டூசிகளை நானே ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுத்த இடத்தில் காகிதம் பழுப்பு வட்டமாகப் பொடிந்தது. லேமினேஷன் செய்துவிடலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை, செய்தால் பிறகு பிரிக்க முடியாது. இம்மலையின் ஈரத்துக்குப் பூஞ்சை ஒரு வாரத்தில் படர்ந்துவிடும் என்பதால், பீரோவின் அடித்தட்டில் 40 வாட் பல்பு ஒன்று, காகிதம் தொடாத தொலைவில், பகலிரவாக எரிகிறது. மின்கட்டணம் கூடியதற்கு அதுவே காரணம், மறைக்க ஒன்றுமில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். செலவு வரவைச் சற்று விஞ்சியுள்ளது. வித்தியாசத்தை ஒருவர் தற்காலிகமாகச் சரிக்கட்டியுள்ளார், அவர் பெயரைச் சொல்வது முறையாகாது. 31 பேரின் சந்தா நிலுவையில் உள்ளது. அவர்களில் 9 பேருக்கு இது மூன்றாம் ஆண்டு.

அறை தந்துதவும் கட்டட உரிமையாளருக்கும், தணிக்கையாளருக்கும், நாற்காலி அடுக்கும் தம்பிமார்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் அடியேன் இப்பொறுப்பில் தொடர்வது உடல்நிலையையும் உறுப்பினர்களின் மனநிலையையும் பொறுத்தது. தொடர வேண்டும் என்று யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. வேறொருவர் முன்வந்தால் பீரோச் சாவியை இன்றே ஒப்படைப்பேன், வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பார் என்ற ஒரே நிபந்தனையோடு. தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஈரமில்லாத ஓர் அறை தேவை; மாடியில் இடம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் இருவர் இக்கூட்டத்திலேயே இருக்கிறார்கள். சந்தா ரசீதுப் புத்தகம் கதவருகே மேசைமேல், தேநீருக்கு அடுத்து, வைக்கப்பட்டுள்ளது.