அக்கா, பதிவேடுகளையும் சேர்த்தே கொடுக்கிறேன்

அன்புள்ள அக்கா,

முடிவெடுத்துவிட்டேன். நம் வானொலி நிலையத்தின் பழைய டேப்புகளோடு காகிதங்களும் ஆவணக் காப்பகத்துக்குப் போகின்றன. நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடு என்றீர்கள். நான் எதையும் பொறுக்கவில்லை. ஒலிபரப்புப் பதிவேடு, நிகழ்ச்சியில் எதற்குப் பின் எது என்று குறித்த கியூ ஷீட்டுகள், பழுதுக் குறிப்பேடு, நேயர் கடிதக் கட்டுகள், ஸ்பூல் (டேப் சுற்றிய வட்டு) இருப்புப் பதிவேடு எல்லாமே போகின்றன. கடைசியாகச் சொன்ன புத்தகம்தான் உங்களை உறுத்தும் என்று தெரியும். தொலைபேசியில் சொல்லியிருந்தால் நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் வைத்திருப்பீர்கள். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம் வேறு. நாளைக்கு அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள், வரிக்கு வரி 'அழிக்கப்பட்டது' என்பதையும் பக்கத்தில் உங்கள் சுருக்கொப்பத்தையும்தான் பார்ப்பார்கள். உங்களை அவர்கள் தப்பாக எடைபோடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

உத்தரவு எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களும் படிப்பார்கள். புது டேப் வரவில்லை, இருப்பதைக் காலி செய்து பயன்படுத்து என்றார்கள். இவ்வளவு சொன்னால் போதும்.

அந்தப் பிற்பகல் என்னை விடவே மாட்டேன் என்கிறது. கைக்கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறையில் போடச் சொன்னீர்கள், காந்தம் அதைக் கெடுத்துவிடும் என்று. பிறகு டேப்பில் பதிந்ததை அழிக்கும் மின்காந்தக் கருவியான அழிப்பான் மேல் ஸ்பூலை வைத்து மெதுவாகச் சுழற்றக் கற்றுக்கொடுத்தீர்கள். ஒரு பக்கம் முடிந்ததும் புரட்டிப்போட்டு மறுபக்கம். சுவிட்சை உடனே அணைக்கக் கூடாது. கை எட்டுகிற தூரம் வரைக்கும் ஸ்பூலைச் சுற்றியபடியே விலக்கிக்கொண்டு போன பிறகுதான் அணைக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரு 'தொப்' சத்தம் நாடாவில் தங்கிவிடும், அடுத்த நிகழ்ச்சிக்குள் அது திரும்பத் திரும்பக் கேட்கும் என்றீர்கள். அழிப்பதைக்கூட ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற உங்கள் பிடிவாதத்தை அன்றைக்கு வியந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் தருவதற்கு முன்னால் ஒவ்வொரு ஸ்பூலையும் இயந்திரத்தில் மாட்டி, ஹெட்போனில் கொஞ்ச நேரம் கேட்டீர்கள். சிலவற்றை எடுத்துத் தனியே வைத்தீர்கள். ஒன்றை மட்டும் கேட்காமலே நீட்டினீர்கள். டப்பாவின் முதுகைப் பார்த்தேன். உங்கள் நேயர் கடித நிகழ்ச்சி. "அக்கா, இது..." என்று இழுத்தேன். "அரை மணி நேர டேப் அது, நாளைக்குச் செய்திக்கு வேண்டும், போடு" என்றீர்கள். அதன் பிறகு அதே நிகழ்ச்சியின் மற்ற ஸ்பூல்களும் வரிசையாக வந்தன. ஒன்றைக்கூட நீங்கள் ஹெட்போனில் கேட்கவில்லை.

உங்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகவும் சொல்கிறேன். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க நடந்தது இதுதான். 1969-இல் மனிதன் நிலவில் இறங்கியபோது அங்கிருந்து வந்த ஒளிபரப்பின் மூலப் பதிவு நாடாக்களையே அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று 2009-இல் நாசா சொன்னது. பிபிசியின் பழைய நிகழ்ச்சிகள் எத்தனையோ அப்படித்தான் போயின. டேப் விலை அதிகம், அலமாரியில் இடம் குறைவு, ஒருமுறை ஒலிபரப்பானதை மறுபடி யார் கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணம். சிற்றூர் நிலையத்தில், பற்றாக்குறைக்கு நடுவில், நீங்கள் வேறு என்ன செய்திருக்க முடியும்?

ஆனாலும் அக்கா, உங்களுடையதை ஏன் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை? பெரிய மனிதர்களின் வாழ்த்துரைகளையெல்லாம் எடுத்து வைத்தீர்கள். அவை இப்போதும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைக் கேட்க யாரும் வரவில்லை. தன் குரலுக்கு மதிப்பில்லை என்று நீங்களே தீர்ப்பெழுதிக்கொண்டதைப் பலர் அடக்கம் என்று புகழ்ந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது, இன்னும் இருக்கிறது. அந்த அரை மணி நேரம் உங்களுடையது மட்டும் இல்லை. கடிதம் எழுதிவிட்டுத் தன் பெயர் வருமா என்று வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அதில் பங்கு இருந்தது.

காகிதங்களைப் பொறுக்க மாட்டேன் என்று நான் நின்றதற்குக் காரணமும் அந்தக் கடிதங்கள்தான். கட்டுகளைப் பிரித்தபோது பார்த்தேன்: ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலில் நீங்கள் குறித்துவைத்த பதில். சில இடங்களில் ஒரு சொல்லை அடித்து அதைவிட மென்மையான சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். கியூ ஷீட்டில் எந்தக் கடிதத்துக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று இருக்கிறது. ஒலிபரப்புப் பதிவேட்டில் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று இருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீங்கள் அழித்த நிகழ்ச்சி கிட்டத்தட்ட முழுதாக எழுந்து நிற்கிறது, குரலைத் தவிர. பொறுக்கிக் கொடுத்திருந்தால் முதலில் குப்பைக்குப் போயிருப்பவை இந்தத் தாள்கள்தான். ஸ்பூல் இருப்புப் பதிவேட்டை ஒளித்துவைத்தால், டேப் ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதிலே இருக்காது. உங்கள் கையெழுத்தை ஊரார் பார்வைக்கு வைக்கிறேன் என்று வருந்துகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைச் செய்யத்தான் போகிறேன்.

கடிதம் எழுதியவர்களின் வீட்டு விஷயங்கள் வெளியே போகாது. அந்தக் கட்டுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குத் திறக்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறேன். இதற்கு மேல் அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

டேப்புகளின் நிலையைக் கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். ஒலிபரப்பு முடிந்ததும் திருப்பிச் சுற்றாமல் வால், அதாவது நிகழ்ச்சியின் முடிவு, வெளியே இருக்கும்படியே வை என்று எங்களை விரட்டுவீர்களே, காப்பகத்துத் தொழில்நுட்பர் அதைப் பார்த்துவிட்டு யார் இவ்வளவு கவனமாக வைத்தது என்று கேட்டார். அடுத்தடுத்த சுற்றுகளுக்கிடையே ஒலி பதிந்தாலும் குரலுக்குப் பின்னால்தான் எதிரொலிக்கிறது, பேச்சுக்கு அடியில் அமுங்கிவிடுகிறது. ஒட்டுப்போட்ட இடங்கள்தான் பசை காய்ந்து பிரிகின்றன. சில நாடாக்களில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசைக்கூழ் ஈரம் குடித்து, ஓடும்போது நாடாவைப் படிக்கும் இயந்திரத் தலையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. அவற்றை 50 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே பல மணி நேரம் சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிட்டு உடனே பிரதி எடுக்கிறார்கள். காடி நெடி அடிக்கும் பழைய அசிடேட் (ஒருவகை பிளாஸ்டிக்) நாடா ஸ்பூல்களைச் சூட்டின் பக்கமே கொண்டுபோகக் கூடாதாம். அவை தனி வரிசையில் இருக்கின்றன. டேப்பை விட, அதை ஓட்டும் இயந்திரமும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கையும்தான் முதலில் தீர்ந்துபோகும் போலிருக்கிறது. யுனெஸ்கோ 2019-இலேயே இதைப் பற்றி எச்சரிக்கத் தொடங்கிவிட்டது. இனியும் தள்ளிப்போட முடியாது என்று நான் துணிந்ததும் அதனால்தான்.

பெயரெழுதாத டப்பாக்கள் கொஞ்சம் இருக்கின்றன. நீங்கள் தனியே வைத்தவையா, யாரோ செருகியவையா தெரியவில்லை. பிரதி எடுத்ததும் ஒவ்வொன்றிலும் முதல் சில நிமிடங்களை உங்களுக்கு அனுப்புகிறேன். அந்தக் குரல்களை அடையாளம் காண உங்களை விட்டால் ஆளில்லை. என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். கேட்டுவிட்டு, எது யார் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். இந்த முறை எதையும் கேட்காமல் ஒதுக்கிவிடாதீர்கள்.

உங்கள் தம்பி