நீளமான ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கிலப் பாடத்தில் ‘அன்கேரக்டரிஸ்டிக்கலி’ (uncharacteristically, வழக்கத்துக்கு மாறாக) என்ற சொல்லுக்குப் பொருளை மட்டும் போட்டுவிட்டு, அதை எப்படிச் சொல்வது என்பதை விட்டுவிட்டீர்கள், பிள்ளைகள் தடுக்கி விழுவதே அங்கேதான். எழுத்தைப் பார்த்தால் எட்டு அசை, அதாவது எட்டு ஒலித்துண்டு (syllable), தெரியும். ஆனால் பேச்சில் ஏழுதான்: அன்-கே-ரக்-ட-ரிஸ்-டிக்-லி. கடைசியில் உள்ள ‘கலி’ வெறும் ‘க்லி’யாகச் சுருங்கிவிடும். நாம் எல்லோரும் ‘பேசிக்கலி’ என்று இழுக்கிறோமே, அதுவும் உண்மையில் பே-சிக்-லி என்ற மூன்றே அசைதான்.

அப்புறம் அழுத்தம், அதாவது ஓர் அசையை மட்டும் மற்றவற்றைவிட ஓங்கிச் சொல்வது. ‘கேரக்டர்’ என்று தனியாகச் சொன்னால் அழுத்தம் முதல் அசையில் விழும். ‘இஸ்டிக்’ சேர்ந்ததும் அது ‘ரிஸ்’ஸுக்கு நகர்ந்துவிடுகிறது, ‘கே’யில் லேசான துணை அழுத்தம் மட்டும் மிச்சம். காரணம் எளிது: ‘இக்’ என்று முடியும் சொற்களில் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசைதான் அழுத்தம் வாங்கும். டிராமா, டிரமாட்டிக் இரண்டையும் சொல்லிப் பாருங்கள், புரியும். ஆனால் முன்னால் வரும் ‘அன்’னோ கடைசியில் வரும் ‘லி’யோ முக்கிய அழுத்தத்தை அசைப்பதே இல்லை. ‘இக்’கில் முடியும் பெயரடையை வினையடை ஆக்கும்போது ‘லி’க்கு முன் ‘அல்’ சேர்த்து எழுதுவார்கள், ‘பப்ளிக்லி’ (publicly) போன்ற மிகச் சிலவே விதிவிலக்கு.

தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது, அதனால் நம் காது அதைத் தேடுவதில்லை. சொல்லித்தராமல் வராது. தயவுசெய்து இனி ஒவ்வொரு நீளச் சொல்லையும் அசை பிரித்து, அழுத்தம் விழும் அசையைத் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்